கஞ்சித்தொட்டியும் எடை மெஷினும்

(காட்சி: பழைய வண்ணாரப்பேட்டை, சந்து, சாயந்திரம்)

எங்கள் ஏரியாவில் ஒருத்தர் இளைத்துப் போய் நடந்து வந்தால் முதல் கேள்வி, "இன்னாப்பா, சுகரா?" என்பதுதான். நான் சாயந்திர பஜ்ஜியை விட்டு, ஆறு மாதம் ஜிம்முக்குப் போய், படாதபாடு பட்டு ஏழு கிலோ குறைத்தபோது பெரியம்மா என் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளைக்கு எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார். அதே வாரம் எடை பார்த்த நர்ஸ், இன்னும் நாலு கிலோ குறைக்கச் சொன்னார். உடம்பு ஒன்றுதான்.

முதலில் பெரியம்மா பக்கம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் அது. அதுவே மணியக்காரர் சத்திரமாகி, அப்புறம் வைத்தியமும் சேர்ந்து வளர்ந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இன்னும் கொடூரம். நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்றார், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். மெட்ராஸ் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், அது போதவே போதாது என்று மல்லுக்கட்டினார். ஒரு உடம்புக்கு எவ்வளவு சோறு என்பதைக் கஜானாவைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள்! அப்படிப்பட்ட ஊரில் சதை என்றால் சேமிப்பு. கல்யாணம் ஆன பையனைப் பார்த்து "உடம்பு வச்சிருக்கியே" என்றால் அது பாராட்டு. (பெண்களுக்கு மட்டும் கணக்கு வேறு: பெண் பார்க்க வரும்வரை "கொஞ்சம் குறைடி", பிரசவம் ஆனதும் "சாப்பிடுடி".)

(திரையில்: எடை ÷ (உயரம் × உயரம்))

சரி, நர்ஸ் எதை வைத்து நாலு கிலோ என்றார்? பி.எம்.ஐ. என்கிற எண்ணை வைத்து. எடையைக் கிலோவில் வைத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த கெட்லே டாக்டர் இல்லை, பெல்ஜியத்து வானியல் ஆள். 1830களில் அவர் தேடியது 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதை. யாருக்கும் வைத்தியம் பார்க்க அல்ல. 1972இல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ்தான் இதற்கு இன்றைய பெயரை வைத்தார். அவர் ஆராய்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரும் ஆண்கள்.

இந்த எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. 165 செ.மீ. உயரம், 74 கிலோ என்றால் 27 வரும். ஹார்பரில் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இறுகிப்போனவருக்கும் அதே 27தான், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தொப்பை போட்டவருக்கும் அதே 27தான். அமெரிக்காவில் 1998இல் ஆண்களுக்கான எல்லையை 27.8இலிருந்து 25க்கு இறக்கினார்கள். ராத்திரி சாதாரண எடையோடு படுத்தவர்கள் காலையில் அதிக எடைக்காரர்களாக எழுந்தார்கள்.

அதற்காகத் தூக்கிப் போடவும் முடியாது. நம் ஆட்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும், சுகரும் சீக்கிரம் வரும். அதனால்தான் இங்கே 23க்கு மேல் போனாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். இன்னொன்று, காரணமே இல்லாமல் இளைப்பது உண்மையிலேயே சுகருக்கு ஒரு அறிகுறி. பெரியம்மாவின் கேள்வி மடத்தனம் இல்லை.

என் யோசனை, மெஷினோடு ஒரு டேப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் இடுப்புச் சுற்றளவை அளக்கணும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. தாண்டினால் சுகரும் பி.பி.யும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

போன ஞாயிறு பெரியம்மாவையே அளந்தேன். 93. "இது ஜாக்கெட் தைக்கிற டேப்பு, இதுல இன்னாத்த கண்டுபுடிச்ச?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து டேப்பை என் கையில் திணித்து, "மொதல்ல உங்க பெரியப்பாவை அள" என்றார்.