விருந்தாளிக்குக் கிடைக்கும் சலுகை

நேயர்களுக்கு வணக்கம். பிறந்த மண்ணில் ஒட்டவே இல்லை, வேறொரு நாட்டில் போய் இறங்கியதும்தான் நிம்மதி என்று சொல்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் அதைத் திமிர் என்பார்கள், இல்லையென்றால் மயக்கம் என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. அந்த நிம்மதியில் ஒரு பங்கு உண்மையான பொருத்தம். இன்னொரு பங்கு, அயலார் என்பதற்காகக் கிடைக்கும் சலுகை. எது எவ்வளவு என்று தெரியாமல் எடுக்கும் முடிவுதான் பின்னால் கையைக் கடிக்கிறது.

முதலில் பொருத்தம். உளவியலாளர் மிஷேல் கெல்ஃபாண்ட் குழுவினர் 33 நாடுகளை ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில சமூகங்களில் நடத்தை விதிகள் அதிகம், மீறினால் கண்டிப்பும் அதிகம். சில சமூகங்கள் தளர்வானவை. ஆனால் ஒரு சமூகத்தில் பிறக்கிற எல்லோருக்கும் அதே சுபாவம் வாய்த்துவிடுவதில்லை. நேரமும் ஒழுங்கும் பிசகினால் பதறுகிறவர் தளர்வான இடத்தில் பிறந்தால் தினமும் உரசல்தான். ஆட்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதும் அப்படித்தான். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் அமெரிக்கர்களைக் கவனித்து 1966இல் எழுதியபடி, பழகியவர்கள் பேசும் இடைவெளி ஏறக்குறைய 45 முதல் 120 சென்டிமீட்டர். சமூகத்துக்குச் சமூகம் இது மாறும். நெருங்கி நிற்பதே அன்பு என்று கருதும் இடத்தில், ஒரு கை நீளம் வேண்டும் என்கிற உடம்பு நாள் முழுக்கப் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். வேறு நாட்டில் அந்த இடைவெளி கேட்காமலே கிடைக்கும்போது தோள் தானாகத் தளர்கிறது. இதில் மயக்கம் ஒன்றும் இல்லை.

இனி சலுகை. அயலார் தவறு செய்தால் பாவம், தெரியாது என்று விட்டுவிடுவார்கள். விசேஷத்துக்கு ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். சின்ன வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. மொழியும் கைகொடுக்கிறது: அரைகுறையாகப் புரிவதால் குத்தல் காதில் ஏறுவதில்லை. தாய்மொழி வசவு சுடுகிற அளவுக்குக் கற்றுக்கொண்ட மொழியின் வசவு பலருக்குச் சுடாது. தன் மொழியில் கூசுகிற பேச்சை வேற்று மொழியில் சிலர் சரளமாகப் பேசுவதும் இதனால்தான்.

இரண்டையும் பிரிக்க முதல் தேவை காலம். புது நாட்டின் பழக்கவழக்கம் பிடிபடாமல் தடுமாறுவதை, அதாவது பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி எழுதிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், எல்லாமே இனிக்கும் ஆரம்பக் கட்டம் சில நாள் முதல் ஆறு மாதம் வரை நீளலாம் என்றார். அதற்குள் வேலையை விடுவது, வீடு வாங்குவது வேண்டாம். ஒரு முழு ஆண்டு இருந்து பாருங்கள். எல்லோரும் குடும்பத்தோடு கதவடைத்துக்கொள்ளும் பண்டிகை நாட்களும் அதில் வரட்டும்.

அடுத்து, பொறுப்பில் இறங்குங்கள். குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வேலையை ஏற்பது, தவறாக வந்த பில்லை எதிர்த்து வாதிடுவது, ஒரு காய்ச்சலைத் தனியாகச் சமாளிப்பது, இவை போதும். உங்கள் உச்சரிப்பைப் பாராட்டியவர்கள் இலக்கணப் பிழையைத் திருத்த ஆரம்பித்தால் சலுகை முடிகிறது என்று பொருள். அதற்குப் பிறகும் மிஞ்சும் நிம்மதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் வயதும் உங்கள் தொழிலும் கொண்ட உள்ளூர்க்காரர் ஒருவரிடமும் விசாரியுங்கள்: பெற்றோரை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கல்யாணப் பேச்சை யார் எடுக்கிறார்கள் என்று. நீங்கள் ஊரில் இறக்கி வைத்த சுமையை அவர் அங்கே சுமந்துகொண்டிருக்கலாம்.

எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்னை நினைத்துப் பாருங்கள். 1850இல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்தவர், 1890இல் ஜப்பான் போனார், 1896இல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் அந்நாட்டுக் குடிமகனானார். அவர் கடிதங்களில் ஜப்பான் மீதான காதலும் உண்டு, கசப்பும் உண்டு. 1903இல் டோக்கியோ பல்கலைக்கழக வேலையும் போனது. அங்கேயே வாழ்ந்து மடிந்தார். கசப்பு வந்ததால் பொருத்தம் பொய்யாகிவிடாது என்பதற்கு அவரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வருகிறவர்களின் பாடு வேறு. ஆய்வாளர்களான குலாஹார்ன் தம்பதி 1963இலேயே எழுதினார்கள்: வெளிநாடு போனபோது வந்த அதே மன இறக்கமும் ஏற்றமும் தாய்நாடு திரும்பும்போது மறுபடி வருகிறது. வெளிநாட்டில் தடுமாறினால் பொறுத்துக்கொள்வார்கள், சொந்த ஊரில் பொறுக்கமாட்டார்கள். இங்கே பலரும் கெடுத்துக்கொள்வது வாயால்தான். “அங்கெல்லாம் இப்படிக் கேட்கவே மாட்டார்கள்” என்றால் சண்டை. “இதைப் பற்றி இப்போது பேச வேண்டாமே” என்றால் அதே காரியம் சண்டையில்லாமல் முடியும். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்றிரண்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நடத்திக் காட்டப் பார்த்தால் ஒன்றும் நிலைக்காது.

அங்கேயே தங்குவதென்று தீர்மானித்தவர்களுக்கு ஒன்று. மருத்துவமனைப் படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுத உள்ளூர்ப் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் அடுத்த வேலை அதுதான். ஒருநாள் கூத்தாக நடக்கும் விழாக்களில் அந்தப் பெயர் கிடைக்காது. ஒரே ஆட்கள் வாராவாரம் கூடும் பாட்டுக்குழு, விளையாட்டு, தோட்ட வேலை போன்ற இடங்களில் கிடைக்கும், அதற்கும் பல மாதம் ஆகும். பெயரை எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.