யூரா (சட்டம்) படிச்சுக் கடைசிச் சோதினையில தோத்தா கையில ஒண்டும் இல்லையோ?

வணக்கம். இந்தமுறை ஒரு கேள்வியை மட்டும்தான் எடுத்திருக்கிறன். இதையே நாலைஞ்சு பேர் வேற வேற மாதிரிக் கேட்டிருக்கினம். டோர்ட்முண்டில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா: "மகள் வாற வருசம் அபிட்டூர் (பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை) எடுக்கிறாள். யூராதான் படிப்பன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள். அஞ்சு வருசம் படிச்சுப்போட்டு கடைசிச் சோதினையில தோத்தா கையில ஒரு பேப்பரும் இராது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுகினம். உண்மையோ? நாங்கள் அவளை விடலாமோ?"

ஓம் அம்மா, பாதி உண்மை. அந்தப் பாதியை முதல்ல சொல்லிப்போடுறன்.

மற்றப் படிப்பில கனக்க பச்சிலர், மாஸ்டர் எண்டு மாறிப்போச்சு. சட்டம் மாறேல்லை. வழக்கறிஞரோ நீதிபதியோ ஆக வேணுமெண்டா யூனியில படிச்சு முதலாவது ஸ்டாட்ஸ்எக்ஸாமென் (அரச சோதினை), பிறகு ரெண்டு வருசம் ரெஃபரெண்டாரியாட் எண்டு கோர்ட்டு, அரச வழக்குத்தொடுநர் அலுவலகம், நிர்வாகம், வழக்கறிஞர் அலுவலகம் எண்டு மாறி மாறிப் பயிற்சி, அது முடியேக்க ரெண்டாவது எக்ஸாமென். பயிற்சிக் காலத்தில மாசம் கொஞ்சக் காசு தருவினம், சம்பளம் எண்டு சொல்ல ஏலாது. ரெண்டும் முடிச்ச ஆளைத்தான் ஃபோல்யூரிஸ்ட் எண்டு சொல்லுறது.

முதலாவது எக்ஸாமெனில 30 வீதம், பிள்ளை தானே தெரிவு செய்யிற சிறப்புப் பாடத்துக்கு யூனி வைக்கிறது. மற்ற 70 வீதம் மாநிலம் வைக்கிறது. ஆளைத் தின்னுறது இந்த 70தான். உங்கட மாநிலம் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலனில ஆறு எழுத்துச் சோதினை, ஒவ்வொண்டும் அஞ்சு மணித்தியாலம். குடியியல் மூண்டு, குற்றவியல் ஒண்டு, பொதுச்சட்டம் ரெண்டு. பிறகு வாய்மொழிச் சோதினை. முதல் செமஸ்டரில, நாலாம் செமஸ்டரில எடுத்த புள்ளியெல்லாம் அடுத்த படிக்குப் போக விடும், அவ்வளவுதான். இந்த 70 வீதத்தில ஒரு சதமும் சேராது. பிள்ளையள் நித்திரை கொள்ளாததுக்குக் காரணம் இதுதான்.

எழுதிறவையில காற்பங்கு அளவில தோக்கினம். ஆனா ரெண்டாந்தரம் எழுதலாம். நேரத்தோட எழுதினா ஃப்ரைஃபெர்சூக் எண்டு ஒண்டு இருக்கு, அதில தோத்தாலும் கணக்கில எடுக்க மாட்டினம். விதி மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம், மகளை யூனியிலயே கேக்கச் சொல்லுங்கோ. எல்லா வாய்ப்பும் முடிஞ்சு வெறுங்கையோட வெளிய வாறவை சின்னப் பங்குதான். ஆனா அந்தச் சின்னப் பங்கில நானும் ஒராளோ எண்டு நினைச்சு நினைச்சுத்தான் எல்லாரும் படிக்கிறது. நானும் அப்பிடித்தான்.

பேப்பர் ஒண்டு கையில வேணுமெண்டா அதுக்கும் வழி இருக்கு. மான்ஹைமில இடையில எல்.எல்.பி. எண்ட சட்டப் பச்சிலர் பட்டம் தந்து, பிறகு எக்ஸாமெனுக்குப் போக விடுற படிப்பு இருக்கு. ஹம்பேர்க்கில புசேரியுஸ் எண்ட தனியார் சட்டக்கல்லூரியிலயும் எடுக்கலாம், 2000ஆம் ஆண்டில துவங்கினது, அதுக்குக் காசு வேணும். ஹாகனில தொலைக்கல்வியில எல்.எல்.பி. செய்யலாம். ஆனா எல்.எல்.பி.யை மட்டும் வைச்சுக்கொண்டு வழக்கறிஞரா நிக்க ஏலாது. கொம்பனியில, காப்புறுதியில வேலை எடுக்கலாம்.

இனிப் புள்ளி. இதைக் கட்டாயம் கேளுங்கோ, இல்லாட்டி வீட்டில சண்டை வரும். யூராவில புள்ளி 0இல இருந்து 18 மட்டும். என்ர முதல் நல்ல பெறுபேறு ஏழு. சந்தோசத்தில அப்பாவுக்குக் காட்டினன். அபிட்டூரில 15க்குப் பாத்துப் பழகின மனுசன், "15க்கு ஏழோ?" எண்டு கேட்டார். "இல்லை அப்பா, 18க்கு" எண்டன். பிறகு அவர் கதைக்கேல்லை. குசினிக்குள்ள அம்மாவிட்டச் சொன்னது எனக்குக் கேட்டது: "இவன் விட்டுட்டு வேறேதும் பாக்கலாம்." அந்த வகுப்பில ஏழு எடுத்தது கொஞ்சப் பேர்தான். நாலு எடுத்தா பாஸ். எக்ஸாமென் முடிவில 9ஐத் தாண்டினா பெரிய அலுவலகங்கள் தேடி வரும், 18ஐ நான் கண்ணால கண்டதில்லை. ஆனபடியா மகள் ஆறோட வந்தா முகத்தைச் சுளியாதேங்கோ.

பாடமாக்கிற படிப்பு எண்டு நினைச்சாலும் பிழை. சட்டப் புத்தகம் சோதினை மேசையில இருக்கும். சிவப்பு அட்டை, செங்கல் மாதிரி, ஹாபர்சாக் எண்டு பேர். 2021 வரைக்கும் முதல் தொகுத்தவற்ற பேரில ஷோன்ஃபெல்டர் எண்டு சொன்னது, அந்தாள் நாசிக் கட்சிக்காரர் எண்டபடியாப் பேரை மாத்திப்போட்டினம். சட்டம் கண்ணுக்கு முன்னால கிடக்கு. அதை ஒரு சம்பவத்தில எப்பிடிப் பொருத்திறது எண்டதுதான் சோதினை.

பழைய பாடப்புத்தகக் கதை ஒண்டு சொல்லுறன், எல்லா யூனியிலயும் முதல் செமஸ்டரிலயே வரும். ட்ரியரில வைன் ஏலம் நடக்குது. ஊருக்குப் புதுசா வந்த ஒராள் உள்ள போறார். அங்க தெரிஞ்ச ஆளைக் கண்டு கை தூக்கிறார். ஏலக்காரர் சுத்தியலைப் போடுறார்: வைன் உங்களுக்கு! எங்கட கோயில் திருவிழாவில மாம்பழம் ஏலம் விடேக்க நீங்கள் மச்சாளைக் கண்டு கை காட்டின மாதிரி. இப்ப அந்தாள் காசு குடுக்க வேணுமோ?

"அவர் நினைக்கேல்லைத்தானே, குடுக்கத் தேவையில்லை" எண்டு முதல் வரியிலயே எழுதிற பிள்ளைக்குப் புள்ளி போச்சு. முடிவு சரியா இருந்தாலும் போச்சு. குட்டாக்டென்ஸ்டில் எண்டு ஒரு எழுத்து முறை. முதல்ல கேள்வியா வைக்க வேணும்: ஒப்பந்தம் ஒண்டு உருவாகியிருக்கலாம். அதுக்கு என்ன தேவை? விலை கேட்டதா ஒரு வெளிப்பாடு தேவை. வெளிப்பாடு எண்டா என்ன, வரைவிலக்கணம். தூக்கின கை அதுக்குள்ள அடங்குதோ, பொருத்திப் பாக்கிறது. கடைசியிலதான் முடிவு. இந்தக் கேள்வியில ரெண்டு பக்கமும் அறிஞர்மார் அடிபட்டவை. 1984இல உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில சொன்னது: கவனமா இருந்திருந்தா, மற்றவை இதை எப்பிடி எடுப்பினம் எண்டு உனக்கு விளங்கியிருக்கும் எண்டா, அது உன்ர வெளிப்பாடுதான், பிறகு பிழையா நடந்தது எண்டு சொல்லி ரத்துச் செய்யலாம், ஆனா மற்றவருக்கு வந்த நட்டத்துக்குப் பொறுப்பு வரலாம். அப்ப ஏலத்துக்குள்ள போய்க் கை தூக்கினவர்? அதைத்தான் ஒரு பக்கம், ரெண்டு பக்கம் எழுத வேணும். இதில ருசி கண்ட பிள்ளை யூராவில நிண்டுபிடிக்கும். "விடையைச் சொல்லன், எதுக்கு இவ்வளவு சுத்திறாய்" எண்டு எரிச்சல் வாற பிள்ளைக்கு அஞ்சு வருசமும் நரகம்.

கிட்டத்தட்ட எல்லாரும் கடைசி வருசத்தில ரெப்பெட்டிட்டோரிட்டப் போவினம், அதாவது டியூசன். அதுக்கு மாசாமாசம் காசு. யூனியில அதே பயிற்சி இலவசமா இருக்கு, அதை முதல்ல பாக்கச் சொல்லுங்கோ. படிப்புக்கு உங்கட மாநிலத்தில கட்டணம் இல்லை, செமஸ்டர்க் காசு மட்டும்.

டோர்ட்முண்டில யூரா இல்லை அம்மா. பக்கத்து ஊர் போஹுமில இருக்கு. எஸ் 1 றெயின் எடுத்தா போஹும், வீட்டில இருந்தே படிக்கலாம். கொஞ்சம் தூரத்தில முன்ஸ்டர், பொன், கெல்ன், டுசல்டோர்ஃப், பீலஃபெல்ட் எல்லாத்திலயும் இருக்கு.

இன்னுமொண்டு, கனபேர் மறந்துபோறது. நீதிபதியா வர ஜேர்மன் பிரஜாவுரிமை வேணும், வழக்கறிஞருக்குத் தேவையில்லை. மகளிட்ட இன்னும் இலங்கைப் பாஸ்போட் எண்டா அந்த அலுவலை இப்பவே துவங்குங்கோ.

விடலாமோ எண்டு கேட்டனீங்கள். முடிவெடுக்க முதல் ஒரு காலமை மகளோட நீங்களும் டோர்ட்முண்ட் அம்ட்ஸ்கெரிக்டுக்குப் (உள்ளூர்க் கோர்ட்டு) போங்கோ. அனேகமான விசாரணை எல்லாருக்கும் திறந்திருக்கும், காசும் இல்லை. பின்வாங்கில ஒரு மூண்டு வழக்கு இருந்து பாருங்கோ. வெளிய வந்து கோப்பி குடிக்கேக்க அவள் எதைப் பற்றிக் கதைக்கிறாள் எண்டு கவனியுங்கோ. அடையாள அட்டையைக் கொண்டு போங்கோ, வாசல்ல பையைச் சோதிப்பினம்.