தண்ணி இல்லாம விழுந்த கோட்டைங்க

எல்லாருக்கும் வணக்கம். ஃபிரான்ஸ் போறவங்க பெரும்பாலும் பாரிஸ் பாத்துட்டு திரும்பிடறாங்க, நான் இன்னைக்கு பேச வந்தது அந்த நாட்டோட தெற்குப் பக்கம், பிரெனே (பைரனீஸ்) மலைக்கு வடக்க இருக்கற லாங்தோக் பகுதியப் பத்தி. எங்க திரும்பினாலும் திராட்சைத் தோட்டம் தான், சிரா, கிரெனாஷ், கரின்யான்னு ஒயினுக்கான கருப்புத் திராட்சை, நடுவுல சுண்ணாம்புப் பாறை, காட்டுல ரோஸ்மேரி வாசனை, தலைய தூக்கினா பாறை உச்சியில இடிஞ்சுபோன கோட்டை. போறவங்க மதில் எவ்ளோ உயரம், கோபுரம் எத்தனைன்னு தான் பாப்பாங்க. நான் சொல்றது, இந்த இடத்துக்கு தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் பாருங்க. விஷயமே அங்க தான் இருக்கு.

அந்தக் காலத்துல அங்க காதார்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு இருந்துச்சு. அவங்க குருமார் கறி சாப்பிட மாட்டாங்க, ரோமோட சர்ச்ச ஏத்துக்க மாட்டாங்க, ஊர் ஜனங்க அவங்கள "நல்ல மனுஷங்க"ன்னு கூப்பிட்டாங்க. 1209ல போப் மூன்றாம் இன்னொசென்ட் சொல்லி, அவங்கள ஒழிக்க வடக்கேருந்து ஒரு சிலுவைப்படை கிளம்பி வந்துச்சு.

தண்ணி இல்லாம விழுந்ததுல முதல்ல கார்க்கசோன். இன்னைக்கு 52 கோபுரம், ரெண்டு சுத்து மதில்னு பிரமிக்க வைக்குது, ஆனா வெளி மதில் அந்தச் சண்டைக்குப் பிறகு ராஜாக்கள் கட்டினது, கூம்பு மாதிரி கூரையெல்லாம் 1853லேருந்து வியோலெ லெ துக்ங்கற கட்டடக் கலைஞர் செஞ்ச புதுப்பிப்பு வேலை. 1209 ஆகஸ்ட்ல படை வந்து ஆத்துப் பக்கம் போற வழிய மறிச்சிடுச்சு, வெயில் காலம், உள்ள கூட்டம், கிணறு வத்திப்போச்சு. ரெண்டே வாரம். பேச்சுவார்த்தைக்குப் போன ஊர்த் தலைவர், 24 வயசுப் பையன் ரேமோன் ரொஜேர் திரான்க்கவேல அப்படியே பிடிச்சு வச்சாங்க, நவம்பர்ல சிறையிலயே செத்துட்டாரு. ஜனங்க உடுத்தின உள்ளுடுப்போட ஊர விட்டுப் போனாங்க.

அடுத்த வருஷம் மினெர்வ். எனக்கு ரொம்ப நெருக்கமான ஊர் இது. செஸ், பிரியான்னு ரெண்டு ஆறு குடைஞ்சு வச்ச ஆழமான பள்ளத்துக்கு நடுவுல, கப்பல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற பாறை மேல கொஞ்சம் வீடுங்க. ஏறி வந்து பிடிக்கவே முடியாத இடம். அதனால சிலுவைப்படைத் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோர் ஏறவே இல்ல, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கல்லெறியற பெரிய எந்திரங்கள நிறுத்தினாரு. அதுல பெருசுக்கு பேரு மால்வுவாசின், அப்படின்னா கெட்ட பக்கத்துவீட்டுக்காரி. கீழ இருந்த சேன் ருஸ்தீக் கிணத்துக்கு ஊருக்குள்ளேருந்து மறைவா இறங்கற வழி ஒண்ணு இருந்துச்சு, அத அடிச்சு நொறுக்கிட்டாங்க. ஒரு ராத்திரி ஊர்க்காரங்க ரகசியமா இறங்கி வந்து, கொழுப்பும் காஞ்ச விறகும் கூடைல வச்சு அந்த எந்திரத்துக்கு தீ வச்சாங்க, எரியவும் ஆரம்பிச்சிடுச்சு, ஆனா எந்திரத்த ஓட்டறவன் ஒருத்தன் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சவன் பாத்துட்டு கத்திட்டான், அவன குத்திட்டாங்க, இருந்தாலும் மத்தவங்க ஓடி வந்து அணைச்சிட்டாங்க. அந்த ஒரு நிமிஷம் தப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் எத்தனையோ தடவ யோசிச்சிருக்கேன். சுமார் ஏழு வாரத்துல, ஜூலை 22ஆம் தேதி, ஊர் சரணடைஞ்சுது. மதம் மாறினா உயிர் பொழைக்கலாம்னு சொன்னாங்க. 140 பேருக்கு மேல மாற மாட்டோம்னு நெருப்புல போனாங்க. மூணு பொண்ணுங்கள மட்டும் ஒரு அம்மா இழுத்து காப்பாத்தினாங்க. இன்னைக்கு அங்க ஒரு கல் நட்டிருக்காங்க, அதுக்கு நடுவுல புறா வடிவத்துல ஒரு ஓட்டை, அது வழியா வானம் தெரியும்.

அதே வருஷம் தெர்ம், கோர்பியேர் மலைக்குள்ள. நாலு மாசம் தாக்குப் பிடிச்சாங்க. மழைத்தண்ணி தொட்டி காஞ்சிடுச்சு, ஆனா ஒயின் நிறைய இருந்துச்சு, ஒயின குடிச்சே காலத்த ஓட்டினாங்க, நினைச்சுப் பாருங்க. கடைசியில கோட்டைய குடுத்துடறோம்னு ஒத்துக்கிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி பாத்து மழை கொட்டுது! தொட்டி நிறைஞ்சது, இனி குடுக்க மாட்டோம்னு திரும்ப நின்னாங்க. ஆனா பிடிச்சு வச்ச தண்ணி கெட்டுப்போயிருந்துச்சு, அதுலயே மாவு பிசைஞ்சு, சமைச்சு, எல்லாருக்கும் சீதபேதி. நவம்பர்ல ஒரு ராத்திரி தப்பி ஓடப் பாத்தாங்க, கோட்டைத் தலைவர் ரேமோன் தெ தெர்ம் மாட்டிக்கிட்டாரு.

கடையில மினெர்வுவா, கோர்பியேர்னு எழுதின ஒயின் பாட்டில் பாத்தீங்கன்னா இந்தப் பக்கத்துப் பேரு தான் அது, ரெண்டுக்கும் 1985ல அரசாங்க முத்திரை கிடைச்சுது. நேர்ல போறவங்க மினெர்வ்ல கார வெளியவே விட்டுட்டு பாலத்துல நடந்து போங்க, கடைத்தெருவோட நிக்காம கீழ பள்ளம் வரைக்கும் இறங்குங்க, ஆறே பாறைய குடைஞ்ச குகை மாதிரி வழி இருக்கு, வெயில் காலத்துல உள்ள நடந்தே போகலாம். கையில தண்ணி எடுத்துட்டுப் போங்க, அந்த மாசங்கள்ல செஸ் ஆத்துல வெறும் கூழாங்கல்லு தான் கிடக்கும்.