ஒரு நாள் நடைக்கு ஐந்து ரூபாய்

வணக்கம் நேயர்களே.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாகக் கவுன்ட்டரில் உட்கார்ந்து கடிதத்தையும் பார்சலையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்பீட் போஸ்ட் ஐம்பது கிராமுக்குள் இருந்தால் ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் வேறு கட்டணம். உறையைக் கையில் வாங்கும்போதே எத்தனை கிராம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் என் எடையைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

முழங்கால் வலிக்காக டாக்டரம்மாவிடம் போனபோது அவர் முதலில் என்னைத் தராசில்தான் ஏற்றினார். 81 கிலோ. உயரம் 154 சென்டிமீட்டர். இடுப்புச் சுற்றளவு 98. நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.3 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய். "எல்லைக்கோட்டில் நிற்கிறீங்க, ஒரு அடி தள்ளி விழுந்தா உள்ளே" என்றார் டாக்டரம்மா. என்னைப் போல எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் இந்தியாவில் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம்.

எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறையுங்கள், வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் வேகமாக நடங்கள், அது போதும் என்றார். எனக்கு அது ஆறு கிலோவுக்கும் குறைவு. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் பல பேருக்கு இது புரியும். என்னை நடக்கக் கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் காலை ஐந்து மணியிலிருந்து எட்டரை வரைக்கும் யாருக்காவது ஏதாவது தேவைப்படும். டிபன், மதியச் சாப்பாடு, அத்தைக்கு வெந்நீர், பையனுக்கு இஸ்திரி. எதை விடலாம் என்று பார்த்தால் என் நடைதான் முதலில் போகும். அது எனக்கானது, அதனால் தள்ளிப்போடலாம் என்று நானே முடிவு செய்துவிடுவேன்.

சாப்பாடும் அப்படித்தான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு குக்கரில் ஒரு கரண்டி சோறு இருக்கும், குழம்புச் சட்டியில் அடியில் கொஞ்சம் இருக்கும், பையன் தட்டில் பாதி தோசை இருக்கும். வீணாக்கக் கூடாதே என்று அத்தனையும் என் வயிற்றுக்குள் போகும். நான் தனியாக உட்கார்ந்து அதிகம் சாப்பிட்டதே இல்லை. இந்த மிச்சம்தான் வருடத்துக்கு ஒன்றரைக் கிலோவாக ஏறியது.

இப்படி இருக்கும்போது என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவளுக்கு அம்பத்து நான்கு வயது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தோம். துணைக்கு நான் பதினோரு நாள் இருந்தேன்.

அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நம் பக்கத்துப் பெண், புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். சொந்தத் தங்கை புற்றுநோயில் துடித்துத் துடித்து இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இதற்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டபோது எல்லோரும் கைவிரித்தார்கள். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு திறந்தார்கள். மறு வருடம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். பணம் கட்ட முடியாதவர்களுக்கு அங்கே இன்றைக்கும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கொடுக்கிறார்கள். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாள் விசாரித்தேன். முகம் தெரியாத ஆட்கள் அனுப்புகிற நன்கொடையும் அதில் உண்டு என்றார்கள். நூறு, ஐந்நூறு என்றுகூட வருமாம்.

அங்கே காத்திருந்த நேரத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். உடல் பருமனுக்கும் பதின்மூன்று வகைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொல்லியிருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், பெருங்குடல், சிறுநீரகம் எல்லாம் அதில் இருக்கின்றன. குண்டாக இருக்கும் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லை. ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் வருகிறது, என் நாத்தனாரே ஒல்லிதான். அவளுக்கு இந்த நோய் வந்தது அவளுடைய தவறால் இல்லை. ஆனால் நான் குறைத்துக்கொள்ளக்கூடிய ஆபத்து ஒன்று என் இடுப்பைச் சுற்றி இருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன்: "நான் ஒரு கிலோ குறைத்தால் ஆளுக்கு நூறு ரூபாய் தருவீங்களா? எனக்கில்லை, அடையாறுக்கு." பதினைந்து பேர் ஒத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் ஏழு பேர், எங்கள் தெருவில் ஐந்து பேர், மீதி சொந்தக்காரர்கள். தை மாதம் ஆரம்பித்தோம்.

அன்றிலிருந்து வீட்டில் என் நடையின் மதிப்பே மாறிவிட்டது. அதற்கு முன் நடக்கப் போனால் "டிபனுக்கு என்ன?" என்ற கேள்வி வரும். இப்போது என் கணவரே அலாரம் வைத்து எழுப்பினார். நேர்ந்துகொண்டு பாதயாத்திரை போகிறவளுக்கு வழிவிடுவது போல எல்லோரும் வழிவிட்டார்கள். நானும் என்னைத் தள்ளிப்போடவில்லை. பதினைந்து பேரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அந்த வார்டில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் கால் தானாகப் படியிறங்கிவிடும். நமக்காகச் செய்யத் தெரியாத எங்களைப் போன்ற பெண்களுக்கு அடுத்தவருக்காகச் செய்ய நன்றாகவே தெரியும். அந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டு நான் மேலேறினேன்.

சாப்பாட்டில் என் அம்மாவின் பிடி அரிசிப் பானை கைகொடுத்தது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உலையில் அரிசி போடும் முன் ஏழைகளுக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பது. லால்குடி பக்கம் எங்கள் வீட்டில் அம்மா சாகும்வரை அதைச் செய்தாள். நானும் அதை ஆரம்பித்தேன், ஆனால் என் பங்கிலிருந்து மட்டும். ஒரு நாள் அந்த ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் கவுன்ட்டர் தராசில் வைத்துப் பார்த்தேன். 42 கிராம். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அப்படியானால் இந்த ஒரு பிடி 150 கலோரி, என் எடைக்கு அரை மணி நேர நடை. தட்டில் குறைந்த சோற்றின் இடத்தில் கீரையும் சுண்டலும் பொரியலும் வந்தன. தட்டில் மிஞ்சுவதை வாயில் போட்டுக்கொள்வதை நிறுத்தினேன். அளந்து சமைத்தோம். அதையும் மீறி மிஞ்சினால் மாட்டுக்குப் போகட்டும்.

இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது. அப்புறம் தராசு அசையவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்றாவது வாரமும் அதே 77. ஒத்துக்கொண்டவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், "அடுத்த கிலோ எப்போக்கா?" என்று. அவர்களை ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடை பார்ப்பதென்றால் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. பங்குனி வெயில். ஒரு திங்கட்கிழமை கவுன்ட்டரில் பாஸ்புக்கை எடுக்க எழுந்தவள் அப்படியே கீழே சாய்ந்தேன். புருவத்தில் மூன்று தையல்.

டாக்டரம்மா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். "தண்ணீரைக் குறைத்து இறங்கும் ஒரு கிலோ கொழுப்பு இல்லை, நாளைக்கே ஏறிக்கொள்ளும். நீங்க சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரா இருந்து இப்படிப் பட்டினி கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடமும் வைக்கிறேன். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விடாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அத்தை திட்டவில்லை. தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். அப்போது சமயபுரத்தில் அம்மனின் பச்சைப் பட்டினி விரதம் நடந்துகொண்டிருந்தது. எல்லா ஊரிலும் பக்தர்கள் அம்மனுக்காக விரதம் இருப்பார்கள், சமயபுரத்தில் அம்மனே மக்களுக்காக 28 நாள் விரதம் இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கும். சமைத்த நைவேத்தியம் கிடையாது. "அவளே வெறும் வயிற்றோடு இருக்கலைம்மா," என்றார் அத்தை. "துள்ளு மாவு உண்டு, பானகம் உண்டு, இளநீர் உண்டு, நீர்மோர் உண்டு. நீ மட்டும் தண்ணிகூடக் குடிக்காம யாருக்கு என்ன பண்ணப்போறே?"

அந்த வாரமே கணக்கை மாற்றினோம். கிலோவுக்குப் பணம் வேண்டாம், நடந்த நாளுக்குக் கொடுங்கள் என்றேன். முக்கால் மணி நேரம் நடந்தால் அந்த நாளுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். எடை இறங்குவது என் கையில் முழுசாக இல்லை. காலையில் எழுந்து நடப்பது என் கையில் இருக்கிறது. இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். எல்லைக்கோட்டில் இருந்தவர்களை மூன்று வருடம் நடையிலும் சாப்பாட்டு மாற்றத்திலும் வைத்திருந்தார்கள். அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இதைக் கேட்ட பிறகு மூன்று வாரம் அசையாத தராசைப் பார்த்து எனக்கு வந்த பயம் போய்விட்டது.

பதினாறாவது ஆளாக வந்தவர் கீழ உத்திர வீதி முனையில் பூ விற்கும் அம்மா. விடியற்காலை நான் தாண்டும்போது ஈரத்துணியில் சுற்றிய மல்லிகையைப் பிரித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நிறுத்தி, எதற்கு இப்படிச் சுற்றுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். மடியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து நீட்டினார். உங்களிடம் எப்படி வாங்குவது என்று தயங்கினேன். "என் அக்கா அதே நோவுல போனவதான். நீ நட, நான் தரேன்," என்றார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. நான் வராவிட்டால் மறுநாள் விடமாட்டார், "நேத்து ஏன் வரலை?" மழை என்றால் மன்னிப்பு உண்டு, தூங்கிவிட்டேன் என்றால் கிடையாது.

தினசரிக் காலண்டரில் நடந்த நாளின் தாளை மட்டும் கிழித்துப் பின்புறம் நேரத்தை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவந்தேன். சித்திரையிலிருந்து அடுத்த பங்குனி முடிய 268 தாள். பதினாறு பேர், ஆளுக்கு ஐந்து ரூபாய், மொத்தம் 21,440. முதலில் குறைந்த நான்கு கிலோவுக்குப் பதினைந்து பேர் தந்த 6,000. ஆக 27,440 ரூபாய். பணத்தை நான் வைத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்பினேன். ரசீதை நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். நீங்கள் இப்படி ஏதாவது செய்வதாக இருந்தால் இதில் மட்டும் சோம்பல்படாதீர்கள். தெரிந்தவர் கையில் கொடுக்காமல் நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போடுங்கள், ரசீது வாங்குங்கள்.

என் எடை இப்போது 71 கிலோ. இன்னும் குறைய வேண்டும். சர்க்கரைச் சராசரி 5.6. முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் வருகிறது. உத்திர வீதி நான்கையும் சுற்றிவர முதலில் நாற்பது நிமிடம் ஆகும், இப்போது முக்கால் மணி நேரத்தில் இரண்டு சுற்று வந்துவிடுகிறேன்.

நாத்தனாருக்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. தலைமுடி வளர்ந்துவிட்டது. போன மாதம் வந்து எங்களோடு தங்கியிருந்தபோது ஒரு நாள் ஐந்து மணிக்கே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "நானும் வரேன் அண்ணி, வடக்கு உத்திர வீதி வரைக்கும்," என்றாள். மெதுவாகத்தான் நடந்தோம். பூக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார், காசு வாங்கவில்லை. என்னிடம் ஐந்து ரூபாயைக் கொடுத்துவிட்டு, அவள் பக்கம் இன்னொரு ஐந்து ரூபாயை நீட்டினார்.

அந்தத் தாளின் பின்புறம் இரண்டு பேர் நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

வணக்கம்.