செங்கல் ஜெபம் பண்ணுமா?

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். ஜான் வெஸ்லி தொடங்கிவச்ச மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையைத் தாங்கி நிற்கிறது ஆலய வளாகமா, சின்னச் சின்னக் குழுவாக் கூடுற வகுப்புக் கூட்டமா? நாங்க வளாகத்தின் பக்கம்.

எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டலை அள்ளிட்டாங்க. "செங்கல் ஜெபம் பண்ணுமா? வெஸ்லி ஐயா வகுப்பு வகுப்பாப் பிரிச்சுத்தானே சபையை வளர்த்தார்?" சரிங்கம்மா. அந்த வகுப்பு எப்படிப் பிறந்துச்சு? அதை விட்டுட்டீங்களே!

1739ல இங்கிலாந்துல, பிரிஸ்டல் நகரத்துல மெதடிஸ்டுகள் கூட்டம் நடத்த ஒரு கட்டடம் எழுப்பறாங்க. பேரு 'புதிய அறை'. கட்டியாச்சு, கடன் நிக்குது. 1742 பிப்ரவரி 15. கடனை எப்படி அடைக்கிறதுன்னு கூடிப் பேசறாங்க. கேப்டன் ஃபாய்னு ஒருத்தர் எழுந்தார். "ஆளுக்கு வாரம் ஒரு பென்னிக் காசு போடுவோம்." இன்னொருத்தர், "நம்மள்ல நிறைய பேர் ஏழைங்க, எங்க போவாங்க?"ன்னார். கேப்டன் என்ன சொன்னார் தெரியுமா? "இருக்கறதுலயே ஏழையா பதினோரு பேரை என் கணக்குல எழுதுங்க. வாராவாரம் நான் போய்க் கேட்கறேன். கொடுத்தா நல்லது. முடியலைன்னா அவங்க பங்கையும் நானே போடறேன்."

அந்தப் பதினோரு பேர். அவர் ஒருத்தர். கூட்டிப் பாருங்க. பன்னிரண்டு! அதுதாம்மா நீங்க சொன்ன வகுப்பு!

காசு கேட்டுப் போனவங்க என்ன பார்த்தாங்க? ஒரு வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டை. இன்னொரு வீட்டுல ஆள் குடிச்சிருக்கார். வந்து வெஸ்லிகிட்ட சொன்னாங்க. ரொம்ப நாளாத் தேடினது இதுதான்னு அவர் பிடிச்சுக்கிட்டார். வசூலுக்குப் போனவங்க மேய்ப்பராயிட்டாங்க. கட்டடம் இல்லைன்னா கடன் ஏது? கடன் இல்லைன்னா வகுப்பு ஏது?

செங்கல் ஜெபம் பண்ணாதும்மா. ஆனா சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறுற ஈரம் காரை வழியா வெளியே போகும். பழைய ஆலயத்துச் சுவர்ல அவசரப்பட்டு சிமெண்ட் பூசிப் பாருங்க. ஈரம் உள்ளேயே அடைபடும், உப்புப் பூக்கும், பூச்சு பாளம் பாளமா விழும், செங்கல் முகத்தையும் பேத்துக்கிட்டு. சரியாச் செய்யணும்னா, உதிர்ந்ததைச் செதுக்கி எடுத்து, சுவரை நனைச்சு, தண்ணியில நீத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலிச்ச மணல் மூணு பங்கு கலந்து மெல்லிசாப் பூசணும். வேலூர் வெயில்ல அது வெடிக்காம இருக்க ஈரச்சாக்கு கட்டி நாள் தவறாம தண்ணி தெளிக்கணும். யார் தெளிக்கறது? முறைபோட்டு வர்ற சபையார்தான். அந்தச் சுவர் இன்னைக்கும் ஆளைச் சேர்க்குதும்மா!

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சென்னையில பல சபைகள் ஒண்ணாச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாச்சு. பிரிட்டிஷ் மெதடிஸ்ட் வழிவந்த சபையாரும் சேர்ந்தாங்க. ஒரே நாள்ல பேர் மாறிப்போச்சு. மறுநாள் ஞாயிறு. ஜனங்க எங்க போனாங்க? அதே வாசப்படிக்கு.

அந்தப் படியிலதான் ஒரு தாய் பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டு ஏறினா. அதே படியில ஒருநாள் அவளைத் தூக்கிட்டு வர்றாங்க. துபாய்ல இருக்கற பேரனால வர முடியலை. ஒரு வருஷம் கழிச்சுக் காட்பாடியில இறங்கறான். பெட்டியோட நேரா வளாகத்துக்கு வந்து, பெருக்கிட்டிருக்கற பெரியவரைக் கேட்கறான்: "எங்க ஆயா எந்த பெஞ்சுல உட்காருவாங்க?"

"தூணோரம், மூணாவதுப்பா."

போய் உட்கார்றான். முன் பெஞ்சு மரத்துல ஓரிடம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு. அதுமேல கையை வைக்கிறான்.