மேகமும் புதரும்

(மதுரையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். "தம்பி பழைய வீடியோ கேம் பற்றிப் பேசுவார்" என்று அண்ணன் சொன்னவுடன், முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் "இதுக்குமா கூட்டம்?" என்று கேட்டார். எனக்கும் கேட்டது. ஐயா, நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 15 என்றால் நமக்குக் காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததும் 2023 ஜூலை 15இல்தான். அதற்குச் சரியாக 40 ஆண்டுகளுக்கு முன், 1983 ஜூலை 15 அன்று, ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற வீடியோ கேம் பெட்டியை விற்பனைக்கு விட்டது. எங்கள் வயதுப் பையன்களின் படிப்பைக் கெடுத்த பெட்டி, பிறப்பதற்குத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்!

ஆனால் அந்தப் பெட்டியை செல்லூரில் நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்களிடம் வந்தது அதன் நகல். மேலே ஏதோ ஒரு பெயர், உள்ளே ஃபேமிகாமின் வேலையைச் செய்யும் சில்லு. நாங்கள் அதை 'டிவி கேம்' என்றோம். உள்ளே செருகுகிற மஞ்சள் டப்பாவுக்குப் பெயர் 'கேசட்'. அதில் நாடா கிடையாது, சுற்றுவதற்கு ஒன்றும் கிடையாது, இருந்தாலும் கேசட்தான். '9999 இன் 1' என்று மேலே அச்சடித்திருப்பார்கள். ஒரு கோடை விடுமுறையில் நானும் அக்காவும் நோட்டுப் போட்டு எண்ணினோம். இருபது தேறவில்லை. காண்ட்ரா என்ற ஒரே சுடுகிற விளையாட்டை முதல் கட்டத்திலிருந்து ஒரு முறை, மூன்றாம் கட்டத்திலிருந்து ஒரு முறை, முப்பது உயிரோடு ஒரு முறை என்று வேறு வேறு பெயரில் போட்டிருந்தார்கள்.

அந்த முப்பது உயிருக்கு ஒரு கதை உண்டு. பொத்தான்களை இந்த வரிசையில் அமுக்கினால் அது கிடைக்கும்: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ. இதைச் சொன்னவுடன் பின்வரிசையில் சில பேருடைய கட்டைவிரல் தானாக அசைகிறது, பார்த்துவிட்டேன். கோனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற நிரலாளர், 1986இல் கிரேடியஸ் என்ற விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தான் செய்த விளையாட்டைத் தன்னாலேயே ஆடி முடிக்க முடியவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காகத் தனக்கு மட்டும் ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது உள்ளேயே தங்கிவிட்டது. அப்புறம் காண்ட்ராவுக்கும் வந்தது. கியோட்டோவோ கோபேயோ எங்கே இருக்கிறது என்று தெரியாத செல்லூர்ப் பையன்கள் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தோம். பதினாறாம் வாய்ப்பாடு இன்று வரை எனக்கு வராது, அது வேறு விஷயம். ஹஷிமோட்டோ 2020இல் காலமானார்.

சரி, எங்கள் வீட்டு டிவிக்கு வருகிறேன். அப்பா தறிக்காரர். ஒரு தீபாவளி போனஸில், பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் பேரம் பேசி டிவி கேம் வாங்கி வந்தார். வீட்டில் இருந்ததோ கறுப்பு வெள்ளை போர்ட்டபிள். எதிர்வீட்டில் கலர் டிவி. அந்த வீட்டுப் பையன் என் வகுப்புத் தோழன், அவனிடமும் இதே டிவி கேம்.

கறுப்பு வெள்ளையில் மரியோ ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒருவர் கை தூக்குகிறார். நன்றி, நான் தனி ஆள் இல்லை. அதில் வானமும் சாம்பல், செங்கலும் சாம்பல். நிறம் இல்லாததால் கண்ணுக்கு உருவம் மட்டும்தான் வேலை. அப்படித்தான் ஒருநாள் எனக்குப் பட்டது: மேலே மிதக்கிற மேகமும் தரையில் முளைத்திருக்கிற புதரும் ஒன்று. அதே மூன்று மேடு, அதே வளைவு. ஓடிப்போய் எதிர்வீட்டில் சொன்னேன். அவன் தன் கலர் டிவியைக் காட்டி, "மாப்ள, இது வெள்ளை, அது பச்சை. கண்ணு தெரியலையா?" என்றான். தெருப் பையன்கள் எல்லாரும் அவன் பக்கம். கலர் டிவி வைத்திருப்பவன் பக்கம்தானே இருப்பார்கள்!

பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்று நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்புகிற காலை வணக்கப் படம் ஒன்றே அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த 40இல் படங்களுக்கு ஒதுக்கியது 8. மரியோ, ஆமை, காளான், குழாய், கோட்டை, எழுத்துகள் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். எனவே மேகத்துக்கு ஒரு படம், புதருக்கு ஒரு படம் என்று வைக்க வசதி இல்லை. உருவத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் வைத்தார்கள். ஒரே உருவம், மேலே போனால் வெள்ளைச் சாயம், தரையில் நின்றால் பச்சைச் சாயம்.

சுங்குடிக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நூலால் முடிச்சுப் போட்ட இரண்டு துணி, இரண்டிலும் ஒரே கட்டு. ஒன்று சிவப்புத் தொட்டிக்குப் போகிறது, ஒன்று பச்சைத் தொட்டிக்குப் போகிறது. கடையில் தொங்கும்போது இரண்டு வேறு சேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், டிவி கேமோடு வந்த துப்பாக்கி. வாத்து சுடுகிற விளையாட்டில் குறி தப்பினால் நாய் எழுந்து சிரிக்குமே, அதேதான். அந்தத் துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. அது வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண், அவ்வளவுதான். விசையை அமுக்கியவுடன் திரை முழுக்க ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். நிறத்துக்கு இதில் வேலையே இல்லை. எங்கள் போர்ட்டபிளிலும் வாத்து ஒழுங்காக விழுந்தது, அது ஒன்றுதான் எதிர்வீட்டுக்குச் சமம். டியூப் லைட்டைக் குறிவைத்து ஏமாற்றவும் பார்த்தோம். பலிக்கவில்லை. முதலில் கறுப்பு தெரிகிறதா என்று அது சரிபார்க்கிறது. டியூப் லைட் எப்போது கறுப்பாகும், கரண்ட் போனால்தான்.

போன வருடம் அக்கா மகனுக்காக அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். புது எல்.இ.டி. டிவியில் மரியோ ஓடினார். வாத்து மட்டும் விழவே இல்லை. தட்டைத் திரை படத்தைக் காட்டுவதற்குள் சின்னத் தாமதம், துப்பாக்கி எதிர்பார்க்கிற கணத்தில் வெள்ளைக் கட்டம் வருவதில்லை. பையன், "மாமா, கன் ரிப்பேர்" என்றான். நாய் சிரித்தது. கேசட்டைக் கழற்றி ஊதப்போனேன். அதுவும் தப்பாம், எச்சில் ஈரம் உள்ளே இருக்கும் உலோக இணைப்புகளை அரிக்குமாம். கழற்றி மாட்டியதில்தான் அன்றெல்லாம் சரியானதே தவிர, நாங்கள் ஊதியதால் இல்லை.

பழைய பெட்டியை நினைத்து உருகுகிறவர்கள், அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரண்ட் போனால் ஏழாம் உலகத்திலிருந்து மறுபடி முதல் உலகம். அடாப்டர் தோசைக்கல் மாதிரி சுடும். எனக்கு ஏக்கம் வேறு. அந்தச் சாம்பல் திரையில் நான் பார்த்த ஒன்றை யாரிடமும் நிரூபிக்க முடியாமல் போனதே, அது.

அதனால் எதிர்வீட்டுத் தோழனைத் தேடிப்பிடித்தேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். போனில் 40 கிலோபைட், எட்டு, சாயம், சுங்குடி எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "இருக்கலாம் மாப்ள. ஆனா எங்க வீட்டு டிவியில அது பச்சையாத்தான இருந்துச்சு" என்றான்.