பழைய கேரவனுக்குப் புதிய அச்சு

நேயர்களுக்கு வணக்கம். மதுரையை அடுத்த கப்பலூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டிராக்டர் டிரெய்லரும் தண்ணீர் டேங்கரும் செய்து கொடுத்து வரும் பட்டறைக்காரன் என்பதால், கரும்பு வண்டியைப் பற்றியோ டிப்பரைப் பற்றியோ நான் பேசுவேன் என்று வானொலி நிலையத்தார் எதிர்பார்த்திருக்கக்கூடும். எனக்கோ, சென்ற ஆண்டு ஏழு மாத காலம் என்னை ஆட்டிவைத்த ஒரு பழைய கேரவனைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தோன்றவில்லை. கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். அது தன் இன்ஜினில் தானே ஓடுவது. நான் சொல்வது இன்ஜின் இல்லாதது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. படுக்கை, அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, அலமாரி எல்லாம் அதற்குள் உண்டு.

இந்த வண்டி மேலூருக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. அமெரிக்காவில் செய்தது, தகட்டில் 1968 என்று பொறித்திருந்தது. அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த உடல், இருபத்திரண்டு அடி நீளம், இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள். அங்கே சாலையின் வலப்புறமாக வண்டி ஓட்டுகிறார்கள் என்பதால் ஏறி இறங்கும் கதவும் வலப்பக்கத்தில் இருக்கிறது. நம் ஊரில் சாலையோரம் நிறுத்தினால், கதவைத் திறந்தவர் நேராகப் போகிற பேருந்துக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். உரிமையாளர் ஓய்வுபெற்ற பொறியாளர். பேரப்பிள்ளைகளோடு இதில் ஊர் சுற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. வண்டியைப் பார்த்ததும் எங்கள் மேஸ்திரி, "அண்ணே, உடம்பு நல்லாத்தான் இருக்கு, காலுதான் மடங்கிப்போச்சு" என்றார். அவர் சொன்னது சரியான நோயறிதல் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நமக்குப் பழக்கமான டிரெய்லரில் அச்சுக்கும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்துக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை அடுக்கிய பட்டைக் கட்டு இருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்தப் பட்டைகள் வளைந்து நிமிர்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். இந்த வண்டியில் பட்டையே இல்லை. குறுக்கே ஒரு சதுரக் குழாய், அதன் இரு முனைகளிலும் பின்னோக்கிச் சாய்ந்த ஒரு சிறு கை, அந்தக் கையின் நுனியில் சக்கரம். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். சூட்சுமம் எல்லாம் குழாய்க்குள் இருக்கிறது. சதுரத்துக்குள் இன்னொரு சதுரத்தைச் சாய்த்துப் போட்ட கோலம்போல, வெளிக்குழாயின் மூலைகளை உட்தண்டின் பக்கங்கள் பார்க்கும்படி வைத்து, மூலைக்கு ஒன்றாக நான்கு ரப்பர்க் கழிகளை இறுக்கித் திணித்திருக்கிறார்கள். சக்கரம் மேலே எழும்பினால் கை திரும்பும். கை திரும்பினால் அதோடு சேர்ந்த உட்தண்டும் குழாய்க்குள் திரும்பும். தண்டின் மூலைகள் ரப்பரை நசுக்கும். அந்த ரப்பர்தான் ஸ்பிரிங். துள்ளலை அடக்கும் வேலையிலும் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் கேரவன்கள் 1961இல் இந்த வகை அச்சுக்கு மாறின. ஜெர்மனியின் ஆல்கோ அச்சுகளில் குழாய் அறுகோணமாகவும் ரப்பர் மூன்றாகவும் இருக்கும்; வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் இருபது முப்பது ஆண்டுகளில் அது இறுகி, நசுங்கிய வடிவத்திலேயே தங்கிவிடும். புதிய அச்சில், பாரம் இல்லாதபோது கை கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும், சாய்வு 22.5 பாகை என்பது பரவலான ஓர் அளவு. பாரம் ஏறும்போது கை படுக்கைவாட்டத்தை நெருங்கும். எங்களிடம் வந்த வண்டியில் கை படுக்கையையும் தாண்டி மேல்நோக்கியே நின்றது. சேஸிஸுக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கியபோது டயர் கீழே தொங்கி வந்திருக்க வேண்டும்; அரை அங்குலம்கூட இறங்கவில்லை. ஜாக்கியை அச்சுக் குழாயின் நடுவில் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழாய் ஒருமுறை வளைந்தால் அதற்கு மருந்தில்லை.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரப்பர் அச்சைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, நம்மிடம்தான் நல்ல அச்சு இருக்கிறதே என்ற துணிச்சலில், ஒவ்வொன்றும் ஐந்து டன் தாங்கும் டிராக்டர் டிரெய்லர் அச்சுகள் இரண்டை எடுத்து, பட்டைக் கட்டு தொங்குவதற்கான பிராக்கெட்டுகளைச் சேஸிஸில் வெல்டு வைத்து, பார்க்கிறவர் மெச்சும்படி கம்பீரமாகப் பூட்டிவிட்டேன். நான்கு வழிச்சாலையில் வாடிப்பட்டி வரை போய், சோழவந்தான் வழியாகத் திரும்பிக் கொண்டுவந்து கதவைத் திறந்தோம். அடுப்படி அலமாரியின் திருகாணிகள் ஏழெட்டு தரையில் உருண்டு கிடந்தன. ஒரு கதவு கீலோடு கழன்று படுக்கையில் விழுந்திருந்தது. பின்சுவர் தரையோடு சேரும் இடத்தில் ரிவெட்டுகள் வரிசையாகத் தளர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. அவ்வளவுக்கும் பட்டைக் கட்டு வளைந்ததற்கான அடையாளமே இல்லை. ஐந்து டன்னுக்குச் செய்த பட்டை ஒரு டன்னுக்கு ஏன் வளையப்போகிறது? சாலை கொடுத்த அடி முழுவதையும் அந்த மெல்லிய அலுமினிய உடல் வாங்கியிருக்கிறது. செத்துப்போன ரப்பர் என்ன கேட்டைச் செய்யுமோ, அதே கேட்டை என்னுடைய பலமான இரும்பு ஒரே நாளில் செய்து முடித்துவிட்டது.

கரும்புக்கும் ஜல்லிக்கும் அச்சு செய்து பழகியவர்களுக்கு, பலம் கூடினால் நல்லது என்பது கையிலேயே ஊறிப்போன எண்ணம். கேரவனுக்கு அந்த எண்ணம் உதவாது. வண்டியின் எடை எவ்வளவோ அதற்கு மேல் சிறிதளவு தாங்கக்கூடிய அச்சே அதற்கு ஏற்ற அச்சு. ஆகவே முதல் வேலை எடை போடுவது. இதை நான் இரண்டாவது முறைதான் செய்தேன். எடை மேடையில் ஏற்றியபோது வெறும் வண்டி 1,780 கிலோ காட்டியது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 120 கிலோ. வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று நிறைந்த நிலையில் ஏறத்தாழ 30 கிலோ. மெத்தை, பாத்திரம், பேட்டரி, துணிமணி எல்லாம் சேர்த்து 220 கிலோ என்று வைத்தால் மொத்தம் 2,150 கிலோ வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும்; உட்காராவிட்டால் ஓடும்போது வால் ஆட்டும். அதைக் கழித்தால் அச்சு ஒன்றுக்கு 965 கிலோ அளவில் நிற்கிறது. 1,200 கிலோ தாங்கும் ரப்பர் அச்சுகள் இரண்டு போதும் என்று முடிவு செய்தோம். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதால், பழைய வகை அச்சுக்கே திரும்பியது அந்த வகையிலும் நிம்மதி தந்தது.

ரப்பர் அச்சைக் கடையில் போய் எடுத்து வர முடியாது. அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டும். சக்கரத்தைப் பூட்டும் குடமான ஹப்பின் முகத்திலிருந்து மறு ஹப் முகம் வரை ஓர் அளவு, சேஸிஸில் பூட்டும் பிராக்கெட்டின் வெளிப்புறத்திலிருந்து மறுபக்கத்து வெளிப்புறம் வரை ஓர் அளவு, கையின் சாய்வு, தாங்கும் எடை, சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். இவற்றில் எது தவறினாலும் அச்சு வந்து இறங்கிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. குழாயை வெட்டி ஒட்டலாமே என்று கேட்பவர்கள், வெல்டிங்கின் சூட்டில் உள்ளிருக்கும் ரப்பர் கருகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஐந்து மாதம் காத்திருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அச்சுகள் வந்து சேர்ந்தன.

காத்திருந்த அந்த நாட்கள் வீணாகவில்லை. நான் வெல்டு வைத்த பிராக்கெட்டுகளை நானே வெட்டி எடுத்து, கிரைண்டர் போட்டு, சேஸிஸில் துரு தின்ற இடங்களுக்குத் தகடு வைத்து முடித்தோம். சூடு படுகிற எந்த வேலையும் புதிய அச்சு ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு சக்கரம் இல்லாத வண்டியைச் சேஸிஸின் நான்கு இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களை எங்கள் பட்டறையில் நான் வேலைக்கு வைப்பதில்லை.

அச்சை ஏற்றி போல்ட்டுகளை அரைகுறையாக முடுக்கிவிட்டு நேர் பார்த்தோம். இரும்பு டேப்பைக் கொக்கியின் நடுப்புள்ளியிலிருந்து இழுத்து நேரடியாக அளக்கலாம் என்றால், நடுவில் எரிவாயு தாங்கியும் ஏணியும் தடுக்கின்றன. ஆகவே கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை இரவல் வாங்கி, கொக்கியின் நடுவிலிருந்தும் நான்கு சக்கர முனைகளிலிருந்தும் தொங்கவிட்டு, சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஐந்து புள்ளிகள் வைத்தோம். வண்டியே தரையில் படமாக இறங்கிவிட்டது. கொக்கிப் புள்ளியிலிருந்து முன் அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள தூரம் இடம் வலம் இரண்டிலும் அதைவிடவும் நெருக்கமாக ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு முதலில் 11 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டியது. ஐம்பது ஆண்டு அதிர்வில் இடப்பக்கத்துப் பழைய துளைகள் நீண்டுபோனதுதான் காரணம். தகடு வைத்துப் புதிதாகத் துளை போட்டபின் 2 மில்லிமீட்டருக்கு வந்தது. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் வண்டி நண்டுபோலச் சாய்ந்து ஓடும். டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

பேரிங் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் அதிகம் கெடுவது அங்கேதான். கிரீஸை மேலே தடவினால் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, கூம்பு பேரிங்கின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்தி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டும். ஸ்பானர் போட்டு இறுக்கியபடியே விட்டால் பேரிங் சூடேறி எரிந்துவிடும். பிரேக் மின்சாரத்தில் இயங்குவது; 12 வோல்ட் காந்தம் ஒன்று டிரம்மைப் பிடித்துக்கொண்டு, லைனிங் ஒட்டிய பிரேக் ஷூக்களை விரிக்கிறது. இடதும் வலதும் வேறு வேறு. லைனிங் குட்டையான ஷூ முன்பக்கம் பார்க்க வேண்டும். நான்கு காந்தங்களும் சேர்ந்து 12 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால், பின்விளக்குக்கு இழுக்கிற மெல்லிய வயரை இதற்குப் போட்டால் மிதித்தும் பிடிக்காது.

பட்டைக் கட்டு உள்ள இரட்டை அச்சு வண்டிகளில், முன் கட்டுக்கும் பின் கட்டுக்கும் நடுவே பாரத்தைப் பங்கிடும் ஓர் ஆடுதண்டு உண்டு. ரப்பர் அச்சில் அது கிடையாது. ஒவ்வோர் அச்சும் தனி. கொக்கி இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டால் பின் அச்சு அதிகப் பாரத்தைச் சுமக்கும், முன் அச்சு சும்மா வரும். அதனால் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஜீப்பின் கொக்கியை மூன்று அங்குலம் இறக்கி அமைத்தோம். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் அடிப்பாகத்துக்குக் கழிவு ஆயிலோ டீசலோ அடிக்கும் வழக்கம் உண்டு. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகிவிடும் என்பதால், அதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யவிட வேண்டாம் என்று உரிமையாளரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

பழந்தமிழில் சேம அச்சு என்று ஒரு சொல் உண்டு. மேடு பள்ளம் தாண்டி உப்பு ஏற்றிப்போன உமணர்கள், முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் அடியில் கட்டிவைத்த உபரி அச்சு அது. வழியிலேயே அச்சு மாற்றும் அந்தத் திறமை நமக்கு இல்லை. நாம் செய்யக்கூடியது, புறப்பட்ட முதல் 80 கிலோமீட்டரிலும் பிறகு 160 கிலோமீட்டரிலும் வண்டியை நிறுத்தி, சக்கர நட்டுகளையும் அச்சைத் தாங்கும் போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்ப்பதுதான். அதே வாடிப்பட்டி, அதே சோழவந்தான் வழியில் மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். அலமாரியில் சோதனைக்கென்று வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஆறில் ஒன்றுதான் கவிழ்ந்திருந்தது. பேரப்பிள்ளைகளோடு அவர் இதுவரை இரண்டு முறை பயணம் போய் வந்துவிட்டார். வலப்பக்கத்துக் கதவுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை; நிறுத்தும்போதெல்லாம் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மைதானமாகப் பார்த்து நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.